செங்கல் சூளைக்குப் போகும் கூரை

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



ஆனைமலையிலிருந்து காலை பஸ்சில் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சி புதிதல்ல. அம்பராம்பாளையம் வருவதற்குள் தென்னை மரத் துண்டுகளை ஏற்றிய லாரி ஒன்றாவது நம் பஸ்சுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். ஓவர்டேக் பண்ண முடியாமல் டிரைவர் ஹாரன் அடிப்பார். நாம் முதல் பீரியட் போச்சே என்று கடிகாரத்தைப் பார்ப்போம். ஒரு வாரம் நான் கடிகாரத்தை விட்டுவிட்டு லாரியை எண்ணினேன். திங்கள் முதல் சனி வரை 19 லாரி. எங்கே போகிறது என்று கண்டக்டர் அண்ணனிடம் கேட்டேன். "வேற எங்க தம்பி, சூளைக்குத்தான்" என்றார்.

சூளை என்றால் செங்கல் சூளை. நாற்பது ஐம்பது வருடம் நின்று காய்த்த மரம், செங்கல்லுக்கு அடியில் ஓரிரு நாளில் சாம்பலாகிவிடுகிறது. இதில் என்ன தப்பு, பட்டுப்போன மரம் வெறகுக்குத்தானே ஆகும் என்று கேட்பீர்கள். நானும் போன வருடம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த லாரியில் போவது விறகு மட்டுமில்லை, எங்களைப் போன்றவர்களின் வீட்டுக் கூரையும் அதில்தான் போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயம்.

நம் பக்கத்துத் தென்னைக்கு என்ன ஆயிற்று என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2016-ல் பருவமழை ஏமாற்றியது. அடுத்த கோடையில் கிணறும் போரும் வற்றி, தோப்புத் தோப்பாக மரம் காய்ந்தது. அதே 2016-ல்தான் சுருள் வெள்ளை ஈ என்ற பூச்சி இந்தியாவிலேயே முதன்முதலாக நம் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. பெருமைப்பட முடியாத முதலிடம்! இவை போதாதென்று வாடல் நோய். இது கேரளாவில் 1882-லேயே ஈராட்டுப்பேட்டைப் பக்கம் தெரிந்த நோய். பைட்டோபிளாஸ்மா என்ற, மிகச் சிறிய பாக்டீரியா வகை நுண்ணுயிர் மரத்துக்குள் புகுந்து, ஓலையை விலா எலும்பு மாதிரி மடக்கிவிடும். இலையில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் மரத்துக்கு மரம் இதைக் கொண்டுபோகின்றன. மருந்து கிடையாது. மரம் உடனே சாகாது, காய்ப்பு குறைந்துகொண்டே போகும். வருடத்துக்குப் பத்துக் காய்கூட வராத மரத்தை வெட்டி அப்புறப்படுத்துங்கள் என்றுதான் விஞ்ஞானிகளும் சொல்கிறார்கள். ஆக, வெட்டுவது சரி. வெட்டின பிறகு என்ன என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

வெட்டுகிறவர்களில் ஒருவர் என் அப்பா.

கல்லூரியில் சேரும்போது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். மரம் வெட்டி என்று எழுத வெட்கம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஐந்தாவது, அம்மா பள்ளிக்கூடமே போகவில்லை. அம்மாவின் மகளிர் குழுக் கடனில் வாங்கின மிஷின் வாளை (பவர்சா என்றும் சொல்வார்கள்) வைத்து அப்பா மரம் வெட்டுகிறார். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி. லாரி, சூளை, விலை எல்லாம் ஒப்பந்தக்காரர் கணக்கு. ஒருநாள் அப்பாவிடம், "இத்தனை மரமும் எரிஞ்சு போகுதே, உங்களுக்கு ஒண்ணும் தோணலீங்களா?" என்று கேட்டேன். "வெட்டறதுக்குத்தான் கண்ணு எனக்குக் கூலி. எங்க போகுதுன்னு பாக்கறதுக்கு ஆரு கூலி குடுக்கறா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் எங்கள் அப்பாருவிடம் பதில் இருந்தது. அப்பாவின் அப்பாவைக் கொங்கு நாட்டில் அப்பாரு என்போம், வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். அவர் வாள் இழுத்தவர். இன்றைக்கு அந்தத் தொழிலைப் பார்த்தவர்களே குறைவு. பெரிய மரத்தைக் குழிக்கு மேல் குறுக்காகக் கிடத்தி, ஒருவர் மரத்தின் மேலே, ஒருவர் குழிக்குள்ளே நின்று ஆளுயர வாளை மேலும் கீழும் இழுத்துப் பலகை அறுப்பார்கள். "மேல நிக்கறவன் கோட்டைப் பாப்பான், கீழ நிக்கறவன் தூளைத் திம்பான்" என்பார் அப்பாரு. முதல் பத்து வருடம் தூள் தின்றாராம்.

அவருடைய அப்பா டாப்ஸ்லிப் தேக்குக் கூப்பில் வேலை செய்தவர். அந்தக் கதை நம் ஆனைமலையின் கதைதான். 19-ம் நூற்றாண்டில் பம்பாயில் கப்பல் கட்டவும், பிறகு ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கட்டை போடவும் ஆனைமலைத் தேக்கை வெள்ளைக்காரர்கள் வெட்டி எடுத்தார்கள். வெட்டின மரத்தை யானை இழுத்து வரும், மலை விளிம்பிலிருந்து கீழே சறுக்கி விடுவார்கள். அதனால்தான் டாப்ஸ்லிப் என்று பெயர். காடு மொட்டையான பிறகு, ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி 1915-க்குப் பிறகு வந்து, வெட்டின இடத்தில் மறுபடி தேக்கை வளர்த்தார். 1933-ல் இறந்த அவரை அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள். டூர் போனவர்கள் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காடு இப்போது புலிகள் காப்பகம், 2007-லிருந்து. மலை மரத்தைத் தொடக்கூடாது, அது சரியான சட்டம். அப்படியானால் வீடு கட்டுகிறவனுக்கு மரம் எங்கிருந்து வரும்? கப்பலில் வருகிறது. மலேசியா, ஆப்பிரிக்கா, நியூசிலாந்து என்று டிப்போவில் எழுதிப் போட்டிருப்பார்கள். பர்மா 2014-ல் உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திவிட்டதால் அந்தத் தேக்கின் பக்கமே நம்மால் போக முடியாது. கடல் தாண்டி வந்த மரத்தை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். நம் வீட்டு வாசலில் விழுந்த மரத்தை எரிக்கிறோம்.

அப்பாருவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஒரு கயிற்றால் மரத்தைச் சுற்றி, கயிற்றை நாலாக மடித்து, அந்த மடிப்பை அதே மடிப்பால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி இத்தனை கன அடி என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். டிப்போக்களில் நடக்கும் கால்சுற்றுக் கணக்கு அதுதான். அதைக் கேட்டுவிட்டு நான் நம் பாட முறைப்படி உருளையின் கன அளவைப் போட்டேன். அப்பாரு சொன்னதை விட அதிகமாக வந்தது. எத்தனை மரத்துக்குப் போட்டாலும் அதே விகிதம். கால்சுற்றுக் கணக்கில் உண்மையான கன அளவில் 100-க்கு சுமார் 78 பங்குதான் வரும். பையைப் நாலால் வகுத்தால் வருகிற 0.785 அது. "நீங்க 21 பங்கு விட்டுடறீங்க அப்பாரு" என்றேன் பெருமையாக. "அது பட்டைக்கும் தூளுக்கும் போற பங்குடா. பலகையாத் தேர்றதத்தான் கணக்குப் பண்ணோணும்" என்றார். மூன்று வருட டிப்ளமோ அந்த ஒரு வார்த்தையில் கொஞ்சம் ஆடிப்போய்விட்டது, உண்மையைச் சொல்கிறேன்.

சரி, தென்னைக்கு வருவோம். தென்னை ஒரு மரமா? சிரிக்காதீர்கள், கேள்வி ரொம்பப் பழையது. தொல்காப்பியத்தில் மரபியலில் இதற்கு விடை இருக்கிறது. வெளிப்பக்கம் வைரம் உள்ளதைப் புறக்காழ் என்றும், உள்ளே வைரம் உள்ளதை அகக்காழ் என்றும் பிரித்து, முதலாவதைப் புல் வகையிலும் இரண்டாவதை மர வகையிலும் சேர்த்திருக்கிறார்கள். தேக்கும் வேம்பும் மரம். தென்னையும் பனையும் புல்! பத்தாம் வகுப்பில் தமிழாசிரியர் சொன்னபோது மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு மறந்துவிட்டேன். இன்றைய தாவரவியலும் தென்னையைப் புல், மூங்கிலோடு ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைக்கிறது. வருட வளையம் கிடையாது, கிளை இல்லாததால் கணுவும் கிடையாது. வெளிச்சுற்று இரும்பு, நடுவில் சோறு.

வெறும் பேச்சாக இருக்கக்கூடாது என்று நானே சோதித்துப் பார்த்தேன். ஒரே மரத்தின் அடித்துண்டில் விளிம்பிலிருந்து ஒரு கட்டி, நடுவிலிருந்து ஒரு கட்டி, இரண்டையும் ஒரே அளவில் அறுத்து, நன்றாகக் காயவைத்துத் தராசில் வைத்தேன். விளிம்புக் கட்டி நடுக் கட்டியைப் போல் மூன்று மடங்குக்கு மேல் எடை! புத்தகத்திலும் பார்த்தேன். முற்றின தென்னையின் அடிப்பாக விளிம்பு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல், சில மரங்களில் 900 வரை கூடப் போகும். நடுப்பகுதி 400-க்குக் கீழே. தேக்கே சுமார் 650 கிலோதான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆக, தென்னையைத் தேக்கு மாதிரி அறுத்தால் தோற்போம். புல் மாதிரி அறுக்க வேண்டும், வெளியே இருக்கிறதை எடுத்துக்கொண்டு நடுவை விட்டுவிட வேண்டும். பனங்கைக் கூரை போட்ட நம் முன்னோர் இதைத்தான் செய்தார்கள். பனையை ஆப்பு வைத்துப் பிளந்து, சோற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வைரத்தை மட்டும் கூரையில் ஏற்றினார்கள்.

இனி என் சொந்தக் கதை. எங்கள் வீடு சீமை ஓடு போட்டது, இருபது அடி நீளம். கைமரம் எல்லாம் உளுத்துப் போய், போன ஆடிக் காற்றில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மேலே தார்ப்பாயைப் போட்டுக் கல் வைத்தோம். டிப்போவில் விசாரித்துவிட்டு வந்த அப்பா பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அந்த வாரம் அவர் வெட்டின மரங்கள் அம்மா வேலை செய்யும் தோட்டத்தில் கிடந்தன. லாரி வர நாலு நாள் இருந்தது. தோட்டத்துக்காரரிடம் போய், "மூணு மரத்தை நான் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டேன். "எடுத்துக்கப்பா, எனக்குத் தோப்பு காலியானாச் சரி" என்றார்.

மரத்தை மில்லுக்குக் கொண்டுபோக வண்டி வாடகைக்கு வழியில்லை. மரம் கிடக்கும் இடத்துக்கு மில்லைக் கொண்டுவந்தால் என்ன? அமெரிக்காவிலும் கனடாவிலும் காற்றில் சாய்ந்த சிடார் மரங்களை மக்கள் வீட்டு வாசலிலேயே பலகையாக அறுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பயன்படும் ஒரு சட்டத்துக்கு அலாஸ்கன் மில் என்று பெயர். விஷயம் எளிமையானது. மிஷின் வாளின் நீட்டுத் தகட்டை ஒரு இரும்புச் சட்டத்தில் பிடித்துவிடுகிறோம். சட்டம் மரத்தின் மேல் தேய்ந்துகொண்டே போகும், வாள் அதற்குக் கீழே ஒரே ஆழத்தில் அறுத்துக்கொண்டே போகும். முதல் அறுப்புக்கு மட்டும் மரம் உருண்டையாக இருப்பதால் மேலே ஒரு ஏணியைக் கட்டி, அதன்மேல் ஓட்ட வேண்டும். அடுத்த அறுப்புக்கு முதலில் அறுத்த முகமே பாதை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேலைக்குப் போகும் வெல்டிங் பட்டறையில் பழைய ஆங்கிள் இரும்பை வைத்து இரண்டே நாளில் சட்டத்தைச் செய்துவிட்டேன். நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் ஃபைலிங் பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் கட்டியைத் தேய்த்தோம், அது அன்றைக்குத்தான் உதவியது.

முதல் மூன்று மரமும் நாசம். மறைக்க மாட்டேன், இந்தக் கட்டுரையில் உபயோகமான பகுதியே இதுதான். மிஷின் வாளின் செயின் குறுக்கே வெட்டுவதற்காகச் செய்தது. பல்லின் வெட்டுமுனை 30 டிகிரி சாய்வாக இருக்கும். நீளவாக்கில் அறுக்க அது சரிவராது. வாள் இழுக்கும், மிஷின் கொதிக்கும், பலகை முகம் உழுத காடு மாதிரி இருக்கும். பத்து டிகிரிக்கு அரம் போட்டால்தான் நீளவாக்கில் நிதானமாகப் போகும். இது எனக்குத் தெரியவில்லை. அப்பாரு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "பல்லை மாத்துடா. பொளக்கற வாளும் துண்டு போடற வாளும் ஒண்ணா?" என்றார். இரண்டாவது, ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு அடிக்கிற காலத்தில் அறுத்து, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பொடக்காளியில் வைத்துவிட்டேன். தென்னையில் சர்க்கரையும் மாவுச்சத்தும் அதிகம். பத்து நாளில் கரும்பூசணம் பிடித்து, பக்கத்தில் போனாலே புளித்த வாடை. மூன்றாவது, கொஞ்சம் தேறின ஒரு சட்டத்தில் ஆணி அடித்தேன். நுனியிலிருந்து ஒரு முழத்துக்குப் பிளந்துவிட்டது. வெளி வைரத்தில் டிரில் போட்டுத் துளை எடுத்த பிறகுதான் ஆணி அடிக்க வேண்டும். அம்மா அந்த மூன்று மரத்தையும் அடுப்புக்கு வைத்துக்கொண்டார். "சூளைக்குப் போகாம நம்மூட்டு அடுப்புக்கு வந்துச்சு, அது வரைக்கும் லாபந்தான்" என்று அப்பா சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது.

தை மாதத்தில் மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை அப்பாவும் கூட. ஆறு மரம், அடித்துண்டு மட்டும், பன்னிரண்டு அடி. அப்பாரு கரியில் தோய்த்த நூலைப் பிடித்துக் கோடு அடித்தார். மேலே பட்டையோடு ஒரு அங்குலத்தைச் சீவித் தள்ளிவிட்டு, அடுத்து இரண்டு அங்குலப் பலகை ஒன்று. மரத்தைப் புரட்டி எதிர்ப்பக்கம் அதேபோல். பிறகு மீதி இரண்டு பக்கமும். நாலு பலகை போனதும் நடுவில் ஆறங்குலச் சதுரமாகச் சோறு மிஞ்சும், அது விறகு. ஒவ்வொரு பலகையையும் நீளவாக்கில் கிழித்தால் நாலுக்கு இரண்டு அங்குலத்தில் ஒரு கைமரமும், பக்கத்தில் ரீப்பருக்கு ஆகும் துண்டும். அப்படி ஒரு அடித்துண்டில் நாலு கைமரம். மிஷின் வாள் ஒவ்வொரு கோட்டிலும் எட்டு மில்லிமீட்டர் வரை தூளாக்கிவிடும் என்பது ஒரு குறை. மில்லில் இருக்கிற பேண்ட் சா இரண்டு மில்லிமீட்டர்தான் தின்னும். தென்னையில் மணல்சத்து இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். இரண்டு அறுப்புக்கு ஒருமுறை அரம் போட்டேன். அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அறுத்த அன்றைக்கே போராக்சையும் போரிக் அமிலத்தையும் வெந்நீரில் கரைத்து, ஒரு பழைய தகர டிரம்மை இரண்டாகப் பிளந்து தொட்டி மாதிரி ஒட்டி, அதில் சட்டங்களை முக்கினோம். பச்சையாக இருக்கும்போதே முக்கினால் மருந்து ஈரத்தோடு உள்ளே ஊறிப்போகும். பிறகு இடையிடையே குச்சி கொடுத்து, காற்றுப் போகிற மாதிரி நிழலில் அடுக்கி, மேலே ஓலை. சித்திரை வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. சித்திரையில் 22 கைமரத்தைக் கூரையில் ஏற்றினோம். 24-ல் இரண்டு மீதி. போன மழையில் ஒழுகவில்லை.

இதை எழுதக் காரணம் என் வீட்டுப் பெருமை பேச அல்ல. "தென்னங்கட்டையைக் கரையான் தின்னுடும்" என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான், மண்ணில் நட்டால் தின்றுவிடும். மழையில் நனைந்தால் போரான் மருந்தும் கரைந்து போய்விடும். ஆகவே வேலிக்கும் வெளி வாசலுக்கும் இது ஆகாது. கூரைக்குக் கீழே, காய்ந்த இடத்தில், மருந்து ஊட்டியது நிற்கும். எல்லா மரமும் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். இளமரத்தில் வைரமே இருக்காது, அறுபது வயதைத் தொட்ட மரம் உத்தமம். மேல் பாதி எப்படியும் விறகுதான். ஆக, சூளைக்காரர்களும் என்மேல் கோபப்பட வேண்டியதில்லை, அவர்களுடைய பங்கு பெரும்பங்காகவே இருக்கும். அடித்துண்டை மட்டும் விட்டுக் கொடுங்கள் என்கிறேன். தோப்பில் அப்படியே போட்டு வைப்பதும் ஆபத்து. மக்குகிற தென்னங்கட்டையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, நல்லா இருக்கிற மரத்தின் குருத்தைத் துளைக்கும். நோய் பிடித்த மரத்தின் சட்டத்தை வீட்டில் வைத்தால் பக்கத்துத் தோப்புக்கு நோய் பரவாதா என்று ஒரு பெரியவர் கேட்டார். பச்சை இலையில் சாறு குடிக்கிற பூச்சிதான் அதைப் பரப்புகிறது, காய்ந்த சட்டத்தில் அதற்கு வேலையில்லை.

ஒரே ஒரு ஆட்சேபனைக்கு மட்டும் நான் பணிந்து பதில் சொல்ல வேண்டும். மிஷின் வாள் விளையாட்டுச் சாமான் இல்லை. அப்பாவோடு வேலை செய்யும் என் சித்தப்பாவுக்கு வாளின் நுனி கட்டையில் பட்டு எகிறி, தொடையில் பதினேழு தையல். அவரை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர் ஆட்டோ வாடகை மட்டும் கொடுத்தார். கண்ணாடி இல்லை, காதுக்கு அடைப்பு இல்லை, லுங்கியும் ரப்பர் செருப்பும்தான் பாதுகாப்பு உடை. நம் ஒர்க்‌ஷாப்பில் ஷூ போடாமல் வந்தால் வெளியே நிறுத்துகிறார்கள். அதே ஊரில் இன்னொரு தொழிலாளிக்கு அந்த விதி ஏன் இல்லை? இந்த அறுப்பு வேலை ஊரில் பரவ வேண்டும் என்று நான் ஆசைப்படும்போதே, சித்தப்பாவின் தொடை எனக்கு நினைவுக்கு வருகிறது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் இது பரவினால் தையல்தான் கூடும்.

2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் அடித்தபோது லட்சக்கணக்கான தென்னை ஒரே இரவில் சாய்ந்தது. தோப்புக்காரர்கள் மரத்தை அகற்றுவதற்கே கைக்காசைச் செலவு பண்ணினார்கள். அத்தனை அடித்துண்டும் என்ன ஆனது? பிலிப்பைன்சில் 1970-களிலேயே ஜாம்போவாங்கா என்ற ஊரில் முற்றின தென்னையை எப்படி அறுப்பது, எப்படிக் காயவைப்பது என்று ஆராய்ந்து எழுதி வைத்துவிட்டார்கள். அங்கே தென்னை மரத்தில் வீடே கட்டுகிறார்கள், மணிலாவில் தென்னை மாளிகை என்றே ஒரு கட்டடம் இருக்கிறது. பக்கத்துக் கேரளாவில் தென்னங்கட்டையில் நாற்காலியும் மேசையும் செய்கிறார்கள். தென்னைக்குப் பேர் போன நாம், ஆழியார் நகரில் தென்னைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிற நாம், காயும் கயிறும் போக மிச்சமெல்லாம் விறகு என்று முடிவுகட்டிவிட்டோம்.

இதில் பாலிடெக்னிக் மாணவனுக்கு என்ன வேலை? நண்பர்களே, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். கடைசி வருட ப்ராஜெக்டுக்கு நம்மில் எத்தனை பேர் கோயமுத்தூரில் கடைக்குப் போய் ரெடிமேடாக வாங்கி வந்து, பெயர்ப் பலகையை மட்டும் மாற்றி வைக்கிறோம்? தானாக நகரும் டிராலி, சென்சார் வைத்த குப்பைத்தொட்டி. வைவா முடிந்த மறுநாள் அது பரணுக்குப் போய்விடுகிறது. எங்கள் தோட்டத்தில் கிடக்கிற வேலையைப் பாருங்கள். அறுப்பில் தூள் குறைய வேண்டும், அதற்கு இரண்டு பேர் தூக்கிப் போகிற மாதிரி ஒரு சின்ன பேண்ட் சா. பல் மழுங்காதிருக்க டங்ஸ்டன் கார்பைடு முனை. வாள் எகிறாமல் தடுக்க ஒரு காப்புச் சட்டம். மெக்கானிக்கல்காரனுக்கு ஒன்று, சிவில்காரனுக்கு அந்தக் கைமரத்தின் தாங்கு வலிமைச் சோதனை, எலக்ட்ரிக்கல்காரனுக்குச் சட்டம் உலர்த்தும் அறை. நம்மிடம் யூ.டி.எம். இயந்திரம் இருக்கிறது. வருடம் முழுக்க அதில் இரும்புக் கம்பியை மட்டுமே இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

மில் வைப்பது பற்றி நான் பேசவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் கூடலூர்க் காட்டை வெட்டுகிறார்கள் என்று தொடங்கிய கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது முதல் மர மில்லுக்குக் கட்டுப்பாடு கடுமை. புதிதாக மில் வைக்க அனுமதி வேண்டும். சந்தன மரத்தைச் சொந்த நிலத்தில் இருந்தாலும் நினைத்தபடி தொடக்கூடாது. எது செய்தாலும் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. எதிரில் மலை இருக்கிற ஊர்க்காரர்கள் நாம்.

அப்பாரு இந்தப் புரட்டாசியில் எண்பதைத் தாண்டுகிறார். வாள் இழுத்தவர்களில் அவரோடு இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. அவருக்கு நூல் அடிக்கத் தெரியும், மரத்தைத் தட்டிப் பார்த்து வைரம் எத்தனை அங்குலம் என்று சொல்லத் தெரியும், எந்தப் பக்கம் வளையும் என்று அறுக்கும் முன்பே தெரியும். இதை எல்லாம் எந்த நோட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த ஆள் இப்போதுதானே வந்திருக்கிறான். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு ஆரம்பித்திருக்கிறேன், பதினாலு பக்கம் ஆகியிருக்கிறது. விண்ணப்பப் படிவம் அடுத்த முறை வந்தால் தந்தையின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

மாணவர் பேரவைக்கும் துறைத் தலைவர் ஐயாவுக்கும் ஒரு வேண்டுகோள் மனு கொடுத்திருக்கிறேன். பொங்கல் விடுமுறைக்கு அடுத்த இரண்டு ஞாயிறு, எங்கள் தோட்டத்துப் பக்கம் பதினோரு மரம் விழப்போகிறது. தோட்டத்துக்காரர் அடித்துண்டுகளை ஒரு வாரம் நிறுத்தி வைக்கச் சம்மதித்துவிட்டார். அதற்கு மேல் லாரி நிற்காது. அப்பா மிஷின் கொடுப்பார், சித்தப்பா பாதுகாப்பு சொல்லிக்கொடுக்க வருகிறார், அப்பாருவைக் கட்டிலோடு தூக்கிப் போய்விடலாம். வருகிறவர்கள் மெக்கானிக்கல் லேப் பக்கத்து நோட்டீஸ் போர்டில் பெயர் எழுதுங்கள். ஷூ கட்டாயம், லுங்கி கூடாது. சாப்பாடு அம்மா பொறுப்பு.